புளிச்சோற்றுப் பொதியும் ஐந்து குளங்களும்

யாழ்ப்பாணம் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் கொடி ஏறிவிட்டால் கொழும்பு வெள்ளவத்தையிலுள்ள எங்கள் வீட்டில் மச்சச் சட்டிகள் கழுவிக் கவிழ்க்கப்பட்டு, 25 நாட்களுக்கு அலுமாரியின் மேல்தட்டிற்குப் போய்விடும். வீட்டில் உள்ள ஐந்து பேரில் என் கணவரும் பிள்ளைகள் இருவரும் நானும் அந்த நாட்களில் சைவம் சாப்பிடுவதோடு நிறுத்திக்கொள்வோம். மாமிக்கோ அதற்கு மேலும் ஒரு கட்டுப்பாடு உண்டு. மச்சம் சமைக்கும் கடையில் அவர் ஒரு கோப்பைத் தேநீர்கூட அருந்தமாட்டார். ஆகவே 24ஆம் நாள் தேரையும் 25ஆம் நாள் தீர்த்தத்தையும் காண்பதற்காகக் கொழும்பிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீற்றர் வான் வண்டியில் போவதென்றால், வழியில் உண்பதும் குடிப்பதும் எங்கள் சமையலறையிலிருந்தே புறப்பட வேண்டும். அப்படி இரண்டு தடவை போனோம். முதற்தடவை எல்லாவற்றையும் பிழையாகச் செய்தேன். இரண்டாவது தடவை கற்றுக்கொண்டு செய்தேன். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் மற்றவர்களுக்குப் பயன்படும் என்பதால் முதலில் பிழையிலிருந்தே தொடங்குகிறேன்.

முதற்பயணத்திற்கு முதல் நாள் அலுவலகத்தில் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து, விருந்துக்குச் சமைப்பதுபோலச் சமைத்தேன். காலைக்கு இடியப்பமும் தேங்காய்ச் சம்பலும் பிளாஸ்க்கில் பாற்சொதியும், மதியத்திற்குக் கஜு போட்ட மரக்கறிப் பிரியாணியும் கத்தரிக்காய்ப் பால்கறியும் என்று நான் எழுதி வைத்த பட்டியலைப் பார்த்து மாமி எதுவும் சொல்லவில்லை. "உனக்குத் தெரியும்தானே பிள்ளை" என்று மட்டும் சொன்னார். அந்த வசனத்தின் பொருள் எனக்கு அப்போது விளங்கவில்லை. அதிகாலை மூன்று மணிக்குப் பிரியாணியை அடுப்பிலிருந்து இறக்கி, ஆவி பறக்கப் பறக்க ஒரு பெரிய பிளாஸ்ரிக் பெட்டியில் அமுக்கி, சூடு போய்விடக் கூடாதென்று மூடியை இறுக்கி, அதன்மேல் ஒரு துவாயையும் சுற்றி வானின் பின்பக்கத்தில் வைத்தேன். ஓகஸ்ட் மாதத்து வெயிலில், மூடிய வானுக்குள், எட்டு மணித்தியாலத்திற்கும் மேலாக அது அங்கேயே இருந்தது.

அநுராதபுரம் தாண்டி ஒரு மர நிழலில் நிறுத்திப் பெட்டியைத் திறந்தபோது மூடியின் உட்புறம் முழுவதும் நீர்த்துளிகள் கோத்திருந்தன; அவை சொட்டிச் சொட்டி மேற்பரப்புச் சோறு கஞ்சிபோல வெளிறிப் போயிருந்தது. கரண்டியை விட்டுத் தூக்கியபோது சோற்றுப் பருக்கைகள் ஒன்றையொன்று விடாமல் மெல்லிய நூலிழையாய் இழுபட்டன. வாசனையில் கறுவாவும் ஏலமும் இருந்தன. அவற்றுக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. என் மகள் மூக்கைச் சுருக்கிக்கொண்டு பெட்டியைத் தள்ளி வைத்தாள். சொதியோ காலையிலேயே முன்னேஸ்வரத்தில் திரைந்து புளித்திருந்தது. பச்சைத் தேங்காய்ப்பூச் சம்பலை நான் தொட்டுப் பார்க்கவுமில்லை.

பசியோடு இருந்த பிள்ளைகளுக்காக அருகிலிருந்த ஒரு சாப்பாட்டுக் கடையில் நிறுத்தினோம். சோறும் பருப்பும் தேங்காய்ச் சம்பலும் மட்டும் போதும், இறைச்சி மீன் வேண்டாம் என்று என் கணவர் தெளிவாகத்தான் சொன்னார். இரண்டாவது வாய் வைத்த பிறகு மகன், சம்பலுக்குள் கடினமாக ஏதோ அகப்படுகிறது என்று விரலால் எடுத்துக் காட்டினான். அது மாசிக் கருவாட்டுத் துண்டு. கடைக்காரரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சிங்களச் சமையலில் தேங்காய்ச் சம்பல், சீனிச்சம்பல், பருப்பு, கீரைச் சுண்டல் ஆகியவற்றில் உம்பலகட, அதாவது மாசி, சுவைக்காகச் சேர்ப்பது வழமை. அதைப் பலர் மீன் என்ற கணக்கில் எடுப்பதில்லை. நாங்கள் கேட்ட கேள்விதான் போதாமல் இருந்தது. மாமி வானை விட்டு இறங்கவேயில்லை. நான்கு வாழைப்பழத்தோடும் தண்ணீரோடும் யாழ்ப்பாணம் வரை வந்து சேர்ந்தார். அன்றைக்கு என் மகன் கற்றுக்கொண்ட "உம்பலகட தாலாத?" என்ற கேள்வி, அதாவது மாசி போட்டிருக்கிறதா என்பது, சைவ உணவுக்காரர்கள் தெற்கிலும் வடமத்தியிலும் பயணம் செய்யும்போது மனப்பாடமாக வைத்திருக்க வேண்டியது. அவன் அதைப் பிறகு பிஸ்கற் வாங்கும் கடைகளிலும் கேட்டு வைத்தான்.

ஊர் போய்ச் சேர்ந்து களைப்பாறிய பிறகுதான் மாமி வாய் திறந்தார். "ஆறாத சோத்தை மூடினா அது வேர்க்கும், வேர்த்தா நாறும். வழிக்குக் கட்டுற சோத்துக்குத் தேங்காய் ஆகாது, தண்ணி ஆகாது. புளியும் எண்ணெயும்தான் துணை." அவர் அனுபவத்தால் சொன்னதற்குரிய விளக்கத்தைப் பின்னர் வாசித்து அறிந்துகொண்டேன். அரிசியில் இயல்பாகவே இருக்கக்கூடிய பசிலஸ் சீரியஸ் என்ற பற்றீரியாவின் வித்திகள் சோறு வேகும் சூட்டையும் தாங்கிக்கொள்ளும். சோறு இளஞ்சூடாக நெடுநேரம் கிடந்தால் அவை முளைத்துப் பெருகும். 5 பாகை செல்சியசுக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட வெப்பநிலைதான் கிருமிகள் பெருகுவதற்கு வசதியானது என்பதால், நான் துவாய் சுற்றிப் பாதுகாத்தது சோற்றையன்று, அந்தக் கிருமிகளைத்தான். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: அவற்றுள் ஒரு வகை விடும் நஞ்சு மீண்டும் சூடாக்கினாலும் அழியாது. ஆகவே சந்தேகமான சோற்றை ஒரு கொதி கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று நினைப்பது ஆபத்தானது, கொட்டிவிட வேண்டியதுதான்.

கடந்த ஆண்டு இரண்டாவது தடவை புறப்பட்டபோது பட்டியலை நான் எழுதவில்லை. மாமி சொல்லச் சொல்ல மகள் எழுதினாள். காலைக்குத் தேங்காய்ப்பூ ரொட்டியும் ஒரு பொடியும், மதியத்திற்குப் புளிச்சோறும் உருளைக்கிழங்குப் பிரட்டலும் மோர்மிளகாய்ப் பொரியலும், அவ்வளவே. எனக்கு உள்ளூர ஒரு வெட்கம் இருந்தது. பிள்ளைகளுக்கு இவ்வளவு குறைவாகக் கொடுப்பதா என்று தோன்றியது. ஆனால் சமைக்கத் தொடங்கிய பிறகுதான், வகைகள் குறைந்ததால் ஒவ்வொன்றையும் ஒழுங்காகச் செய்ய நேரம் கிடைப்பதை உணர்ந்தேன். முதற்தடவை நான் இரவு முழுவதும் விழித்திருந்தேன். இம்முறை பத்தரை மணிக்குப் படுத்துவிட்டேன்.

புளிச்சோற்றில் உழைப்பெல்லாம் முதல் நாளிரவுக்கு உரியது. ஐந்து பேருக்கு மூன்று சுண்டு அரிசி, அதாவது ஏறத்தாழ 600 கிராம், போதும். அதற்குப் பெரிய தேசிக்காயளவில் இரண்டு உருண்டை பழப்புளியை இரண்டு கோப்பை சுடுநீரில் ஊறவைத்துக் கரைத்து, கோதும் நாரும் இல்லாமல் வடித்துக்கொள்ள வேண்டும். பத்துச் செத்தல் மிளகாய், இரண்டு மேசைக்கரண்டி மல்லி, ஒரு மேசைக்கரண்டி கடலைப்பருப்பு, ஒரு மேசைக்கரண்டி எள், அரைத் தேக்கரண்டி வெந்தயம் ஆகியவற்றைத் தனித்தனியாக வறுத்துச் சேர்த்து இடித்துக்கொள்ள வேண்டும். தனித்தனியாக என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனெனில் எள் வெடித்து முடியும் நேரத்தில் மல்லி பாதிகூட வறுபட்டிருக்காது, வெந்தயமோ ஒரு கணம் கூடினால் கசந்துவிடும். பிறகு அடி கனத்த சட்டியில் ஆறு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் விட்டு, கடுகு, உழுத்தம்பருப்பு, ஒரு கைப்பிடி கச்சான், கறிவேப்பிலை, பெருங்காயம் என்று தாளித்து, மஞ்சளும் உப்பும் சேர்த்துப் புளிக்கரைசலை ஊற்றிக் கொதிக்கவிட வேண்டும். அது முதலில் தண்ணீராய்த் துள்ளும். பிறகு குமிழிகள் பெரிதாகி, சத்தம் தடித்து, கரண்டியால் இழுத்தால் சட்டியின் அடி ஒரு கணம் தெரிந்து மறையும். கடைசியில் ஓரத்தில் எண்ணெய் பிரிந்து கருஞ்சிவப்பு வளையமாய் நிற்கும். அந்த வளையத்தைக் கண்ட பிறகுதான் இடித்த தூளைப் போட்டுக் கிளறி இறக்க வேண்டும். எண்ணெய் பிரியும் முன் இறக்கினால் அதற்குள் இன்னும் தண்ணீர் இருக்கிறது என்று பொருள். தண்ணீர் இருந்தால் அது வழியைத் தாங்காது. மாமி இதில் வெங்காயமோ உள்ளியோ சேர்ப்பதில்லை. அவருக்கு அது விரதக் காரணம். எனக்கோ நீண்ட நேரம் கெடாமல் இருக்க வேண்டும் என்பதே போதிய காரணம்.

சோற்றை மட்டும் அதிகாலையில் சமைத்தேன். சம்பா அரிசியை எடுத்து, வழக்கத்தைவிட அரைச் சுண்டு குறைவாகத் தண்ணீர் வைத்து, பருக்கை பருக்கையாக வடியும்படி எடுத்தோம். பச்சையரிசி ஒட்டும், புழுங்கல் ஒட்டாது என்பது மாமியின் தீர்ப்பு. அதைப் பெரிய தாம்பாளத்தில் கொட்டி, மேலே இரண்டு கரண்டி நல்லெண்ணெய் தெளித்து, மின்விசிறிக்குக் கீழே பரப்பிவிட்டோம். புறங்கையை வைத்துப் பார்த்துச் சூடு சற்றும் தெரியாதபோதுதான் புளிக்காய்ச்சலைப் போட்டுப் பிரட்டினோம். வாழையிலையைத் துண்டுகளாக்கி, நரம்பு ஒடியாமல் மடியும்படி அடுப்புத் தணலில் ஒரு கணம் வாட்டி, துடைத்து, ஆளுக்கொரு பொதியாகக் கட்டினோம். ஆளுக்கொன்றாகக் கட்டியதால் வழியில் கரண்டி, கோப்பை, பங்கு, சண்டை எதுவும் இருக்கவில்லை. சாப்பிட்ட இலையைக் குப்பைப் பையில் போட்டுவிடவும் முடிந்தது.

ரொட்டியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மாவோடு தேங்காய்ப்பூவையும் உப்பையும் சேர்த்துக் குழைத்துத் தட்டிச் சுடும் ரொட்டியில் தேங்காய் வெந்து ஈரம் வற்றிவிடுவதால், மதியம் வரை கெடாது. ஆனால் அதையும் ஆறவிட்டே துணியில் சுற்ற வேண்டும். தொட்டுக்கொள்வதற்குச் செத்தல் மிளகாயையும் வறுத்த உழுத்தம்பருப்பையும் உப்பையும் சிறிது பழப்புளியையும் சேர்த்து இடித்த பொடியை நல்லெண்ணெயில் குழைத்து ஒரு சிறு போத்தலில் எடுத்துக்கொண்டோம். பால் கலந்த தேநீரை பிளாஸ்க்கில் ஊற்றிச் செல்வதை இம்முறை கைவிட்டேன். கொதிநீரை மட்டும் பிளாஸ்க்கில் ஊற்றி, தேயிலையையும் பால்மாவையும் சீனியையும் தனித்தனி ரின்களில் வைத்துக்கொண்டால், எந்த மரத்தடியிலும் புதிதாகத் தேநீர் கலக்கலாம். மாமிக்கு இது மிகவும் பிடித்துப்போனது. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் போவதற்குள் நான்கு தடவை தேநீர் கேட்டார்.

வானில் பொருட்களை வைக்கும் ஒழுங்கும் முதற்தடவை பட்ட பாட்டிலிருந்து வந்ததே. எது முதலில் தேவைப்படுமோ அதைக் கடைசியில் ஏற்ற வேண்டும் என்ற எளிய விதியை நான் அப்போது யோசித்திருக்கவில்லை. இடியப்பப் பொதி உடுப்புப் பெட்டிகளுக்கு அடியில் இருந்தது. இம்முறை உணவுக்கூடை முன்னிருக்கைக்குப் பின்னால், வெயில் படாத பக்கத்தில் இருந்தது. நாங்கள் வடக்கு நோக்கிப் போகிறோம். காலையில் வெயில் வலப்பக்க யன்னலால் வரும், மாலையில் இடப்பக்கத்தால் வரும். இதைக் கணக்கிட்டுக் கூடையை நண்பகலில் இடம் மாற்றும் பொறுப்பு மகளுக்கு. ஐந்து லீற்றர்த் தண்ணீர்ப் போத்தல்கள் இரண்டும், கைகழுவத் தனியாக ஒரு பழைய போத்தலும், ஈரத்துணியும், செய்தித்தாளும், சத்திக்கென்று கடதாசிப் பைகளும் மகனின் காலடியில் இருந்தன. கடைசியில் சொன்னது மிக முக்கியமானது. அவன் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுக் கைத்தொலைபேசியைக் குனிந்து பார்த்தால் அரை மணித்தியாலத்திற்குள் சத்தி எடுப்பான். ஆகவே புறப்படும்போது அவனுக்கு அரை ரொட்டியும் ஒரு துண்டு இஞ்சியும் மட்டும் கொடுத்து, முன்பக்கக் கண்ணாடியினூடாக வீதியைப் பார்க்கும்படி நடு இருக்கையில் உட்கார வைத்தோம். வழியில் ஒரு தடவைகூடப் பை தேவைப்படவில்லை.

காலை நான்கு மணிக்குக் காலி வீதி வெறிச்சோடிக் கிடந்தது. பேலியகொடையில் கட்டுநாயக்க அதிவேகப் பாதையில் ஏறி, நீர்கொழும்பு தாண்டிச் சிலாபம் போய்ச் சேர்ந்தபோது ஆறரை மணி. பஞ்ச ஈஸ்வரங்களில் ஒன்றான முன்னேஸ்வரம் அந்தப் பாதைக்கு மிக அருகில் இருப்பதால், தரிசனம், கழிவறை, காலைச் சாப்பாடு மூன்றையும் அங்கேயே முடிக்கலாம் என்பது எங்கள் கணக்கு. பிரதான வீதிக்கருகில் கழிவறையோடு கூடிய ஒரு கோயிலைக் காலை நிறுத்தமாகத் தெரிவுசெய்துகொள்வது, வயதானவர்களோடு போகும் எவருக்கும் உதவும். கோயிலுக்கு வெளியே வானின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ரொட்டியைப் பொடியில் தோய்த்துச் சாப்பிட்டோம். பொடி கொஞ்சம் உறைப்பாகிவிட்டது. மகன் கண்ணீரோடு இரண்டாவது ரொட்டி கேட்டான்.

வெளிச்சம் வந்த பிறகுதான் விளையாட்டுகள் தொடங்கின. பிள்ளைகள் இருவருக்கும் கைத்தொலைபேசி கிடையாது என்று நாங்கள் தடை போடவில்லை. போட்டிருந்தால் அதுவே ஒரு சண்டையாகியிருக்கும். அதைவிடச் சுவாரசியமான ஒன்று நடந்துகொண்டிருந்தால் தாமாகவே வைத்துவிடுவார்கள் என்று எதிர்பார்த்தோம். பாதியளவு அப்படியே நடந்தது. இலங்கை வானொலியில் பி. எச். அப்துல் ஹமீத் நடத்திய 'பாட்டுக்குப் பாட்டு' கேட்டு வளர்ந்தவர் என் கணவர். ஒருவர் பாடி நிறுத்திய எழுத்தில் அடுத்தவர் தொடங்க வேண்டும் என்ற அந்த விளையாட்டை வானுக்குள் நடத்தியபோது, பிள்ளைகள் புதிய பாடல்களையும் மாமி தேவாரத்தையும் எடுத்துவிட்டார்கள். தேவாரம் செல்லுமா என்று மகள் ஆட்சேபித்தாள். செல்லும் என்று தீர்ப்பானது. அதன்பிறகு மாமியைத் தோற்கடிக்க யாராலும் முடியவில்லை.

புத்தளத்தை நெருங்கும்போது உப்பளங்கள் உள்ள பகுதி அது என்று என் கணவர் சொல்ல, மாமி ஒரு நொடி, அதாவது விடுகதை, போட்டார். "கடல் தண்ணியில பிறப்பான், நல்ல தண்ணியில மறைவான், அவன் ஆர்?" மகன் மீன் என்றான், பிறகு நண்டு என்றான். மகளுக்கு விடை தெரிந்திருந்தும், சொல்லக் கூடாது என்று நான் கண்ணால் தடுத்தேன். வழியில் விடையே கண்ணெதிரில் வரும், அதுவரை பொறு என்று மாமி அவனிடம் சொல்லிவிட்டார். ஒரு நொடியின் விடையை உடனே சொல்லாமல் 200 கிலோமீற்றருக்கு மேல் இழுத்துச் செல்ல முடியும் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

மதியச் சாப்பாட்டிற்கு அநுராதபுரத்தில் நுவரவாவியின் கரையோரம் நிறுத்தினோம். மருதமர நிழலில் பாயை விரித்து, இலைப்பொதிகளை எடுத்து வைக்கும் முன்னரே வாழைப்பழப் பையைக் குரங்கொன்று கொண்டுபோய்விட்டது. அது ஓடவுமில்லை, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்க, ஆறடி தள்ளி உட்கார்ந்து, பழத்தை ஒவ்வொன்றாக உரித்துத் தின்றது. சரசரக்கும் பையின் சத்தம் கேட்டால் அவை வரும் என்பதைப் பிறகு பக்கத்தில் இருந்த ஒருவர் சொன்னார். பாயை மடித்துக்கொண்டு வானுக்குள்ளேயே ஏறி, ஒரு பக்கக் கதவை மட்டும் திறந்து வைத்துச் சாப்பிட்டோம். பொதியை அவிழ்த்ததும் வாட்டிய வாழையிலையின் மணம் முதலில் எழுந்தது. அதன் பின்னால் நல்லெண்ணெயும் வெந்தயமும். ஐந்து மணித்தியாலத்திற்கு மேல் ஊறியதில் புளி சோற்றின் உள்வரை இறங்கி, அதிகாலையில் நான் உப்புப் பார்த்தபோது இருந்ததைவிட நன்றாக இருந்தது. கடித்துக்கொள்ள மோர்மிளகாய் இருந்தது. உருளைக்கிழங்குப் பிரட்டலைத் தேங்காய் எதுவும் சேர்க்காமல், சீரகமும் மிளகாய்த்தூளும் மட்டும் போட்டு, ஈரம் வற்றும்வரை எண்ணெயில் பிரட்டி எடுத்திருந்தேன், அதுவும் கெடவில்லை. மாமி இலையை வழித்துவிட்டு, "இனி நீயே கட்டலாம்" என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது.

மதவாச்சி தாண்டிய பிறகு ஏ9 வீதியில் மகனுக்கு ஒரு வேலை கொடுத்தோம். 'குளம்' என்று முடியும் ஊர்ப்பெயரைப் பெயர்ப்பலகையில் கண்டால் சத்தமாக வாசிக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு ரொபி. தமிழை எழுத்துக் கூட்டி வாசிக்கத் தயங்கும் கொழும்புப் பிள்ளைக்கு இது நல்ல பயிற்சி என்பது என் உள்நோக்கம். ஈரப்பெரியகுளம், வவுனியா கடந்ததும் தாண்டிக்குளம், ஓமந்தைக்கு அப்பால் புளியங்குளம், பிறகு கனகராயன்குளம், மாங்குளம் என்று ஐந்து ரொபி வாங்கிவிட்டான். கனகராயன்குளத்தை வாசித்து முடிக்கும் முன் பலகை கடந்துவிட்டதால் அதற்குப் பாதி ரொபிதான் என்று அக்கா வாதிட்டாள். ஏன் இத்தனை ஊர்கள் குளத்தின் பெயரால் இருக்கின்றன என்று அவன் கேட்டபோது, வன்னியில் வற்றாத ஆறுகள் இல்லை, மழைநீரைக் குளங்களில் தேக்கித்தான் வயல் செய்தார்கள், ஆகவே குளம் இருந்த இடத்தில் ஊர் உண்டானது என்று என் கணவர் விளக்கினார். பாடப்புத்தகத்தில் இருந்திருந்தால் அவன் கேட்டிருக்கமாட்டான்.

முறிகண்டிப் பிள்ளையாரைத் தாண்டிப் போகும் வாகனம் எதுவும் நிற்காமல் போவதில்லை என்பார்கள். நாங்களும் இறங்கித் தேங்காய் உடைத்தோம். அங்கே சுடச்சுட வறுத்த கச்சானைக் கடதாசிச் சரையில் வாங்கலாம். மாமி வழியில் தயக்கமில்லாமல் வாங்கச் சொன்ன ஒரே உணவு அதுதான். சாப்பாட்டிற்குப் பிந்திய சோர்வில் பிள்ளைகள் சிணுங்கத் தொடங்கும் நேரத்தில் கோது உடைத்துத் தின்னும் ஒரு பொருளைக் கையில் கொடுத்தால், அடுத்த ஒரு மணித்தியாலம் அமைதியாகப் போகும். வான் முழுவதும் கோது சிதறும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மூன்று வாரங்களுக்குப் பிறகும் இருக்கைக்கு அடியிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தோம்.

கிளிநொச்சியும் பரந்தனும் கடந்து ஆனையிறவில் வீதியின் இரு பக்கமும் வெளி விரிந்தபோது, உப்பளங்கள் இருக்கும் திசையைக் காட்டி மாமி மகனைத் தட்டினார். அவன் சற்று நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "உப்பு!" என்று கத்தினான். பிறகு, அவன் ஏன் நல்ல தண்ணீரில் மறைவான் என்பதையும் தானே சொன்னான்.

நல்லூருக்கு அருகில் ஒரு வீட்டின் பின்பகுதியை மூன்று நாட்களுக்கு வாடகைக்கு எடுத்திருந்தோம். ஓர் எரிவாயு அடுப்பு, அதிலும் ஒரு வாய்தான் எரிந்தது. இரண்டு சட்டி, ஓர் அகப்பை. திருநெல்வேலிச் சந்தை அருகில் இருந்ததால் மரக்கறிக்குக் குறைவில்லை. முதல் நாள் மாலை நான் வாங்கி வந்த முருங்கையிலையைப் பிள்ளைகள் இருவரும் காம்பிலிருந்து உருவ, நான் ஒரு சுண்டு மைசூர்ப் பருப்பைக் கழுவி, மூன்று சுண்டு தண்ணீரும் மஞ்சளும் கீறிய பச்சை மிளகாய் இரண்டும் சேர்த்து அடுப்பில் ஏற்றினேன். மைசூர்ப் பருப்பு ஊறத் தேவையில்லை. கால் மணித்தியாலத்தில் கரைந்துவிடும். கரைந்ததும் இலையைப் போட்டு இரண்டு நிமிடம் விட்டு, ஒரு கோப்பை முதற்பாலும் உப்பும் சேர்த்து, நுரை கட்டும்போதே இறக்கி, சூடு தணிந்த பிறகு தேசிக்காய்ப் புளி விட்டேன். பாலை விட்டபின் தளதளவென்று கொதிக்கவிட்டால் திரையும். வழிக்கு ஆகாத தேங்காய்ப்பால், உடனே உண்ணும் இடத்தில் எவ்வளவு நல்லது என்பதை அன்றிரவு சுடுசோற்றோடு சாப்பிட்டபோது உணர்ந்தோம். அடுத்த நாளும் பூசணியைப் போட்டு அதே முறை. அதற்கடுத்த நாள் பயிற்றங்காய். பருப்பு மாறவில்லை, சேர்த்த மரக்கறி மட்டும் மாறியது, யாரும் முறையிடவில்லை. தேரன்று அதிகாலையிலேயே கோயிலுக்குப் போய்விட்டதால் மாலைவரை அடுப்பை மூட்டவே தேவை வரவில்லை. தண்ணீர்ப் பந்தல்களில் மோரும் சர்பத்தும் குடித்துப் பிள்ளைகளின் வயிறு நிறைந்துவிட்டது.

திரும்பும் பயணத்திற்குப் புளிக்காய்ச்சலை அங்கே புதிதாகச் செய்யவில்லை. புறப்படும் முன்னரே அளவை இரட்டிப்பாக்கிக் காய்ச்சி, பாதியை ஈரமில்லாத கண்ணாடிப் போத்தலில், மேலே எண்ணெய் ஒரு விரற்கடை நிற்கும்படி கொண்டு போயிருந்தோம். ஈரக் கரண்டி படாமல் பார்த்துக்கொண்டதால் நான்காம் நாளும் நன்றாக இருந்தது. அதிகாலையில் சோற்றை மட்டும் வடித்து ஆறவைத்துப் பிரட்டிப் பொதி கட்டினேன். மின்விசிறி இல்லாததால் மகளும் மகனும் ஆளுக்கொரு செய்தித்தாளை மடித்து வீசினார்கள். வழியில் கொறிப்பதற்குப் பருத்தித்துறை வடையும் பயற்றம் உருண்டையும் வாங்கிக்கொண்டோம். இரண்டும் ஈரமில்லாதவை, நாட்கணக்கில் இருப்பவை.

கொழும்பு வந்து சேர்ந்தபோது இரவு எட்டு மணி. சாமான்களை இறக்கிக்கொண்டிருந்தபோது போத்தலின் அடியில் இன்னும் மூன்று கரண்டி புளிக்காய்ச்சல் மிச்சமிருப்பதைக் கண்டேன். மறுநாள் காலையில் பாடசாலைக்கு நேரமாகிவிட்டது என்று நான் பதறிக்கொண்டிருக்க, மகன் அதைப் பாணில் தடவி, இரண்டு துண்டுகளையும் ஒன்றோடொன்று அழுத்தி, தன் சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்து மூடினான். மூடும் முன் பாணைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தான்.